லேட்டிட்யூட், அட்சம், அகலாங்கு

அக்கா மகன் காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாயாஜாலக் கணினி விளையாட்டு உருவாக்குகிறான். போன மாதம் அதன் உலக வரைபடத்தைச் சார்ட் தாளில் வரைந்து கொண்டுவந்து எங்கள் சத்துவாச்சாரி வீட்டுத் தரையில் விரித்தான். வடக்கே பனி மூடிய கோட்டை. தெற்கே தென்னை அடர்ந்த துறைமுகம். ஓரத்தில் அவன் போட்டிருந்த அளவுகோலின்படி இரண்டுக்கும் நடுவே 300 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே. ராத்திரியில் வட துருவ விண்மீனும் இரண்டு இடத்திலும் ஒரே உயரம்.

"இந்த ரெண்டு ஊரும் எந்த லேட்டிட்யூட்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"மாமா, இது ஃபேன்டசி. இதுக்குப் போய் லேட்டிட்யூடா?"

"உன் டிராகனை நான் நம்புறேன்டா. இந்த 300 கிலோமீட்டரைத்தான் நம்ப முடியல."

நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் இடம் வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்ற அளவுதான் லேட்டிட்யூட். அப்புறம் பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியே போயிற்று.

லத்தீனில் லாட்டிட்யூடோ என்றால் அகலம், அவ்வளவுதான். பழைய கிரேக்கருக்குத் தெரிந்த உலகம் விரித்த பாய் மாதிரி கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கு தெற்காகக் குறுகிக் கிடந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி முதலாவதை நீளம் என்றும் இரண்டாவதை அகலம் என்றும் அளந்து எழுதினார். உருண்டைக்கு ஏது நீளமும் அகலமும்? அந்தப் பாயின் நினைவு இன்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே கிரேக்கரிடம் கிளிமா என்று இன்னொரு சொல்லும் இருந்தது. பொருள்: சாய்வு. ஆண்டின் மிக நீண்ட பகல் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று பார்த்துப் பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு கிளிமா. இன்று நாம் சொல்லும் கிளைமேட் அதிலிருந்து வந்ததுதான். வெயிலும் பனியும் வானத்தின் சாய்வோடு கட்டுண்டவை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மருமகன் வரைபடத்தில் அறுந்துபோன கயிறும் இதுதான்: தரை ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம்.

நம் பக்கத்து வானநூலார் இதற்கு வைத்த பெயர் வேறு வழியில் வந்தது. வடமொழியில் அக்ஷம் என்றால் வண்டியின் அச்சு. தமிழ் அச்சு அதன் திரிபு என்று அகராதிகள் சொல்லும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளில் முறிகிற அதே அச்சு. பூமி சுழல்கிற அச்சை வடக்கே நீட்டினால் துருவ விண்மீன் அருகே போய் முட்டும். நாம் நிற்கும் இடத்தில் அந்த அச்சு தொடுவானத்திலிருந்து எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அதுவே அட்சம். நிலநடுக்கோட்டில் அச்சு படுத்துக் கிடக்கும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். வேலூரில் ஏறத்தாழ 13 டிகிரி. மலை மறைக்காத இடமாகப் பார்த்து, கையை நீட்டி முட்டி மடக்கினால், தொடுவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே துருவ விண்மீன் தெரியும்.

பகலிலும் அளக்கலாம். மார்ச் 21 அன்று பகல் 12.20 வாக்கில் மொட்டை மாடியில் 12 அங்குலக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தினால் நிழல் ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலம் விழும். இந்த நிழலைத்தான் பழைய வானநூலார் ஊருக்கு ஊர் அளந்து கணக்கில் வைத்துக்கொண்டார்கள். இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஆண்டில் இரண்டே முறை, ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி. இடைப்பட்ட நாள்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும்.

சரி, தமிழில் எதை எழுதுவது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அட்சரேகை, அட்சக்கோடு. இலங்கையில் அகலக்கோடு. கோடு வேறு, அளவு வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தாளில் வளைத்து வரைவது கோடு. "வேலூர் 13 டிகிரி" என்று சொல்வது அளவு. அந்த அளவுக்கு அகலாங்கு என்பதே என் தேர்வு, கிழக்கு மேற்கு அளவுக்கு நெட்டாங்கு. சொன்னதும் விளங்குகிறது, வாயிலும் தங்குகிறது. அட்சம் என்ற சொல்லைக் கைவிடவும் எனக்கு மனமில்லை, ஏன் அப்படி அளக்கிறோம் என்பதை அந்தச் சொல்தான் காட்டித் தருகிறது.

இனி வரைபடத்துக்கு வருவோம். பூமியில் ஒரு டிகிரி அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் மூன்று டிகிரிகூட இல்லை. இங்கிருந்து கன்னியாகுமரி ஐந்து டிகிரி தெற்கே. அங்கே போய் இறங்கினாலும் அதே வேட்டி சட்டைதான். பனிக்கு ஸ்ரீநகர் போக வேண்டும், 21 டிகிரி வடக்கே. வழியெல்லாம் வானமும் மாறிக்கொண்டே வரும். தென் வானத்து அகத்தியர் விண்மீன் (கேனோபஸ்) வேலூரில் தெற்கே 24 டிகிரி வரை ஏறும், ஸ்ரீநகரில் மூன்று டிகிரிதான். பழைய வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். அகலாங்கு குறைவான இடம் என்பதால் வட வானமும் தென் வானத்தில் பெரும்பகுதியும் அங்கிருந்து கிடைக்கும்.

பனிக் கோட்டையைக் காப்பாற்ற ஒரு வழி உயரம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். வேலூரை விட ஏலகிரி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், அதனால் குளிர் ஐந்தாறு டிகிரி கூட. கோட்டையை ஐந்தாயிரம் மீட்டர் மலையில் வைத்தால் தென்னந்தோப்பு பக்கத்திலேயே இருக்கலாம். இன்னொரு வழி, உலகத்தையே சிறிதாக்குவது. ஆரம் பூமியில் பத்தில் ஒன்று என்றால் ஒரு டிகிரி 11 கிலோமீட்டர். 300 கிலோமீட்டரில் 27 டிகிரி அடங்கிவிடும். ஆனால் தொடுவானம் நெருங்கி வரும். பூமியில் நின்றபடி ஏறத்தாழ நாலே முக்கால் கிலோமீட்டர் வரை தரை தெரிகிறது என்றால் அங்கே ஒன்றரைதான். துறைமுகத்திலிருந்து கோட்டைக் கொடியைப் பார்க்கும் காட்சியை அவன் வெட்ட வேண்டியிருந்தது. அதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டான்.

நிலவு தனிக் கதை. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் நிலவு எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும், ஆனாலும் எட்டு நிலைகளில் தேய்ந்து வளரும். நேர் எதிரே நிற்கும் நிலவு என்றைக்கும் முழுநிலவாகத்தான் இருக்க முடியும். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கு நடந்தவர்களுக்கு இது தெரியும்: மேற்கே சூரியன் இறங்கும் நேரம் கிழக்கே நிலவு எழும். மூன்றாம் பிறையை அந்தியில் மேற்கே தேடுவோம், கிழக்கே பார்க்க மாட்டோம். மருமகன் வரைபடத்தில் அந்தி நேரத்துக் கிழக்கில் ஒரு பிறை இருந்தது. ரப்பரால் அழித்து மேற்கே வைத்தான்.

கடைசியில் சிறிய உலகத்தையே எடுத்துக்கொண்டான். தாளின் மேல் ஓரத்தில் 38, கீழ் ஓரத்தில் 11 என்று பென்சிலால் எழுதி, பக்கவாட்டில் "அகலாங்கு" என்று குறித்தான். துறைமுகத்துக்கு மேல் இருந்த துருவ விண்மீனை ஒரு முட்டி உயரத்துக்கு இறக்கினான். கோட்டைக்கு மேல் அதை எங்கே வைப்பது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.