காலுக்குள் வைத்த கம்பி ஏன் உடைகிறது?

நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கீழ்க்கால் எலும்பை முறித்துக்கொண்டவருக்கு ஒப்பரேஷன் முடிந்ததும், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "கம்பி வைச்சாச்சுத்தானே, இனி என்ன பயம்" என்பார்கள். சில மாதங்களில் அது உடைந்தால், தரமில்லாத கம்பியைப் போட்டுவிட்டார்கள் என்று அவர்களே சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை குறைவு.

கம்பியோ, எலும்பின்மேல் வைத்து ஸ்குரூவால் இறுக்கும் பிளேட்டோ எலும்பை ஒட்டவைப்பதில்லை, துண்டுகளை நேராகப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒட்டுவது எலும்பு, அதற்கு இரத்த ஓட்டம் வேண்டும். கீழ்க்காலின் முன்பக்கம் தோலுக்கு அடியில் சதையே இல்லை, தடவினாலே எலும்பு தட்டும், அதனால் இரத்தமும் குறைவு, அங்கே முறிவு பொருந்த நாலைந்து மாதம் எடுப்பது சாதாரணம். அதுவரை வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று அறுந்துவிடுமே, அதேதான். நாளைக்கு 2000 தடவை அந்தக் காலை ஊன்றினால் ஐந்து மாதத்தில் 3 லட்சம். எலும்பு பொருந்திவிட்டால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், பொருந்தாவிட்டால் எப்பேர்ப்பட்ட டைட்டேனியமும் ஒருநாள் விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் பிளேட் உடைவது முறிவுக்கு நேரே, ஸ்குரூ போடாமல் விட்ட துளையில். எக்ஸ்றேயில் ஸ்குரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது எலும்பில் பிடிப்பு இழந்து ஆடுகிறது என்று அர்த்தம்.

பொருந்தாமல் போகக் காரணங்கள் பல. சிகரெட், கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம், துண்டுகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி. அப்புறம் கிருமி. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து மண் பட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூட. ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் உலோகத்தில் ஒட்டி, தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். உலோகத்துக்குள் இரத்தம் ஓடாது, படலத்தைத் தாண்டி மருந்தும் உடலின் காவல் அணுக்களும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் பார்மசியில் வாங்கிய குளிசையோடு புண் காய்ந்த மாதிரி இருந்துவிட்டு, கொஞ்ச நாளில் அதே இடத்தில் சலம் வடிகிறது. திரும்பத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், சிலவேளை உலோகத்தையே மாற்ற வேண்டியும் வரும்.

கடலில் குளித்தால் உள்ளே துருப்பிடிக்குமா என்று திருகோணமலையில் கேட்காத ஆளில்லை. கடல்நீர் அங்கே போகாது, நம் உடம்புக்குள்ளேயே உப்புநீர்தான் இருக்கிறது, அதற்காகத்தான் குரோமியம் கலந்த உருக்கையோ டைட்டேனியத்தையோ போடுகிறார்கள். ஆனால் தையல் ஆறுமுன் கடலில் இறங்குவது வேறு கதை, அது வேண்டாம்.

காத்திருக்கக் கூடாதவை இரண்டு. முறிந்தபின்னோ ஒப்பரேஷனுக்குப் பின்னோ கால் கல்லாக இறுகி, விரலை மேலே நிமிர்த்தினாலே உயிர் போகிற நோவு வந்தால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு இரத்தம் நிற்கிறது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். மற்றது, கெண்டைக்கால் வீங்கி நொந்து, திடீரென மூச்சும் வாங்கினால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இரண்டுக்கும் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாம் பொருந்தினபிறகு பிளேட்டை எடுக்கத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் கட்டாயமில்லை. உறுத்தினால் எடுப்பார்கள். எடுத்தபின் ஸ்குரூத் துளைகள் நிரம்பச் சில மாதம் ஆகும், அதற்குள் பந்தடிக்கப் போனால் துளை வழியே திரும்ப முறியலாம்.