வெளுக்கிறேன் என்று கோடுகளைத் தின்றுவிடாதீர்கள்

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சேகரிப்பாளர் 1960களின் பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழ்கள் கொஞ்சத்தைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து தரச் சொன்னார். பக்கங்கள் டீ வடிகட்டும் துணிபோலப் பழுத்திருந்தன. ஸ்கேன், கலர் கரெக்‌ஷன், அச்சுப் பிளேட்டுக்கு ஃபைல் தயாரிப்பது, இதுதான் என் பிழைப்பு. பழுப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லெவல்ஸைத் (படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் கருவி) திறந்து வெள்ளையை ஒரு பக்கம் இழுத்தேன், கறுப்பை ஒரு பக்கம் இழுத்தேன். பக்கம் பளிச்சென்று வந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

போன மாதம் என்னிடம் இருக்கும் சில இதழ்களை மறுபடி படிக்க எடுத்தேன். அதில் ஒரு கதை, நான் அவருக்கு வெளுத்துக் கொடுத்த அதே கதை. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தபோதுதான் நான் எதைக் கழுவி ஊற்றியிருக்கிறேன் என்று தெரிந்தது.

கதை, 1962 அக்டோபரில் வேலியன்ட் இதழின் முதல் வாரத்திலேயே தொடங்கிய ‘தி ஸ்டீல் க்ளா’. நம் ஆட்களுக்கு வேறு பெயர் சொன்னால்தான் புரியும்: இரும்புக்கை மாயாவி. 1972இல், நான் வேலை பார்க்கும் இதே சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் அதுதான். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயினின் பார்சிலோனாக்காரர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஓவியருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். நாயகனை வரையாமல் நாயகன் இருப்பதைக் காட்ட வேண்டும். பிளாஸ்கோ அறையை வரைந்தார். மேஜை, கதவு, விளக்கின் வெளிச்சம் விழும் சுவர், எல்லாமே போட்டோ போலக் கச்சிதம். அதனால்தான் அந்தரத்தில் மிதக்கும் கையை நாம் நம்புகிறோம். அவருடைய நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கனமான கறுப்பு ஒரே வெட்டாக முடியாது. முடி முடியாகப் பிரிந்து, மெலிந்து, காகிதத்தில் கரையும். அந்த முடிக்கோடுகளைத்தான் என் லெவல்ஸ் தின்றுவிட்டது. மெல்லியவை வெள்ளையோடு போயின, நெருக்கமானவை கறுப்போடு ஒட்டிக்கொண்டன. மிச்சம் இருந்தது ரப்பர் ஸ்டாம்ப் அடித்த மாதிரி ஒரு நிழல்.

ஏன் இத்தனை கோடு என்று கேட்கலாம். அந்த வார இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில், பெரும்பாலும் கறுப்பு மை ஒன்றை வைத்தே அச்சானவை. மை ஊறிப் பரவும். சாம்பல் நிறத்தைத் தண்ணீர் கலந்து தீட்டினால் சேறாகத்தான் வரும். ஆகவே சாம்பல் என்பதைக் கோடுகளின் நெருக்கத்தால் செய்தாக வேண்டும். 1965இல் லயன் இதழில் வந்த ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் அல்ல, நம் கூர்மண்டையன்தான்) வரைந்த ரெக் பன் இதில் வெறியர். முகத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு, சுவரில் கோடு, புகையில்கூடக் கோடு. சிறுவயதில் எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் கோடு திரும்பும் திசையிலேயே கன்னத்தின் வளைவு இருக்கிறது. இந்தப் பக்கங்களைக் கான்ட்ராஸ்ட் ஏற்றி ஸ்கேன் செய்தால் கண், மூக்கு எல்லாம் ஒரே கரிக்கட்டி.

சரி, பழுப்பை என்னதான் செய்வது? பக்கம் கறுப்பு வெள்ளை என்றாலும் கலரில், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க அச்சு ஊடுருவித் தெரிவது நன்றாகக் குறையும். அப்புறம் சிவப்புச் சேனலை (ஸ்கேனில் சிவப்பு ஒளி மட்டும் பதிவான அடுக்கு) மட்டும் திறந்து பாருங்கள். மஞ்சளும் பழுப்பும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் நிறங்கள் என்பதால் அந்தச் சேனலில் கறை தானாகவே வெளிறிவிடும், கறுப்புக் கோடு அப்படியே நிற்கும். லெவல்ஸைத் தொடவே தேவையில்லாத பக்கங்களும் உண்டு. தொடாத மூல ஸ்கேனை டிஃப் ஃபைலாக (தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வகை) தனியே வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை.

வண்ணப் பக்கங்கள் வேறு ஜாதி. 1950 ஏப்ரல் 14 அன்று வந்த ஈகிள் இதழின் முதல் பக்கத்தில் ஃபிராங்க் ஹாம்ப்ஸன் வரைந்த விண்வெளி நாயகன் டான் டேர். அச்சு, போட்டோகிராவூர். கிராவூரில் படம், எழுத்து எல்லாமே நுண்ணிய குழிகளாகச் சிலிண்டரில் செதுக்கப்படும். குழி ஆழமானால் மை கூடும், நிறம் அடர்த்தியாகும். அதனால் வீனஸ் கிரகத்து வானம் படிப்படியாக மங்குவது அவ்வளவு மென்மையாக வரும். அதற்கு விலை, எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். இது தெரியாமல் பலரும் ஷார்ப்பன் (ஓரங்களைக் கூர்மையாக்கும் கருவி) போடுகிறார்கள். எழுத்து தெளியாது, ரம்பம்தான் கூர்மையாகும், வானமும் மணல் மணலாகிவிடும்.

ஹாம்ப்ஸன் வேலை செய்த விதத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஸவுத்போர்ட்டில் ஒரு பழைய பேக்கரிக் கட்டிடம்தான் முதல் ஸ்டூடியோ. முழுப் பக்கத்தையும் வண்ணத்தில் வெள்ளோட்டமாக வரைவார். பிறகு உதவியாளர்களை அந்தந்த நிலையில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார். டான் டேரின் மேலதிகாரி சர் ஹ்யூபர்ட் பாத்திரத்துக்கு அவருடைய அப்பாவே நின்றார். விண்கலங்களுக்கு மாடல் செய்து வைத்திருந்தார்கள். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் அதே கலம்தான் என்று நம்பவைக்கும் வித்தை அதுதான். வாரத்துக்கு இரண்டு பக்கத்துக்கு இத்தனை பாடு. பாத்திரத்தின் உரிமை மட்டும் கடைசிவரை அவரிடம் இல்லை.

1959இல் அந்தத் தொடரை ஒரு வருடம் ஏற்ற ஃபிராங்க் பெல்லமிதான் என் கட்சி. ஹாம்ப்ஸன் பக்கத்தை ஜன்னல் போலக் கட்டினார், பெல்லமி ஜன்னலையே உடைத்தார். 1966 முதல் டிவி 21 இதழில் அவர் வரைந்த தண்டர்பேர்ட்ஸ் (டிவி பொம்மைத் தொடரின் காமிக்ஸ்) பக்கங்களில் கட்டங்களின் ஓரம் மின்னல்போல வெட்டி வெட்டிப் போகும். கண் எங்கே ஓட வேண்டும் என்பதை அந்த வெட்டே சொல்லும். இதை மொபைலில் கட்டம் கட்டமாக நறுக்கிக் காட்டும் செயலியில் படிக்காதீர்கள், தயவுசெய்து. முழு விரிப்பாகத் திரையில் வைத்துப் பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது தானாக நேர்செய்து ஓரம் வெட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதற்குச் சாய்ந்த கட்டம் என்றால் கோணல் பக்கம், அவ்வளவுதான் புரியும்.

டான் லாரன்ஸ் வரைந்த ட்ரிகன் எம்பயர் தொடர் 1965இல் ரேஞ்சர் இதழில் தொடங்கி, மறுவருடம் லுக் அண்ட் லேர்ன் இதழுக்குப் போனது. ரோமாபுரி உடையில் விண்கலம் ஓட்டுகிறவர்கள். தசையும் கல்லும் உலோகமும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கலாம் போலத் தீட்டியிருப்பார். தன் ஓவியங்கள் வெளிநாடுகளில் எவ்வளவு மறுபதிப்பாகின்றன என்று தெரிந்த பிறகு, 1976இல் அதை விட்டுவிட்டு டச்சுப் பதிப்பாளரிடம் போய்விட்டார். 1977இல் வந்த 2000 ஏடி வார இதழ் மறுபடியும் மட்டமான காகிதம். அதில் பிரையன் போலண்டின் சன்னமான தூரிகைக் கோடு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதே அதிசயம்.

மூல ஓவியம் யாரிடமாவது இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். வண்ண மைகள் பல சாயத்தால் ஆனவை. வரவேற்பறையில் ஜன்னல் எதிரே மாட்டினால் முதலில் ஓடிப்போவது சிவப்பும் ஊதாவும்தான். அச்சு இதழ் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடலாம். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிரித்தால் மையும் கூடவே வரும்.

அந்தச் சேகரிப்பாளருக்கு நேற்று போன் செய்தேன். பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு இதழ்களை மறுபடி கொண்டுவாருங்கள், காசு வேண்டாம் என்றேன். கொண்டுவருகிறேன் என்றார். நான் கொடுத்த ஃபைல்தான் பளிச்சென்று இருக்கிறதே என்று இரண்டு இதழ்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாராம். மிச்சத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறாராம்.