ஆண்டவருக்குத் தெரிந்ததை ஏன் சொல்ல வேண்டும்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்ப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பேச்சு நன்றாகப் பழகியிருக்கும்: “எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும், டாக்டர்.” சொல்பவர்கள் பெரும்பாலும் எங்கள் சபைக்காரர்கள். செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள், தோட்டத்தை விற்றபின் டவுனுக்குக் குடிவந்தவர்கள். நானும் கிறிஸ்தவன்தான்; அந்தப் பேச்சில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கவலை.

ஓர் ஆன்ட்டி வந்தார். பல வருஷமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. சுண்டு விரலுக்குக் கீழே இருபது காசு அகலத்துக்குப் புண். மேலே மஞ்சளும் ஜெப எண்ணெயும். எத்தனை நாளாக என்று கேட்டால், “தெரியல டாக்டர், வலிக்கவே இல்ல. ஜெபத்துல வச்சிருக்கேன்” என்றார். கண்ணை மூடச் சொல்லி, உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டேன். அது வளையும்போது பத்து கிராம் அழுத்தம் விழும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “ம், வைங்க டாக்டர்” என்றார். வைத்து எடுத்தே ஆகிவிட்டது.

நரம்பு செத்துவிட்டால் புண் வலிக்காது. வலிக்காத புண்தான் விரலையும் காலையும் கொண்டுபோகிறது. மகனிடம் சொன்னீர்களா என்றேன். இல்லை. ஜெபத்தில் என்ன சொன்னீர்கள்? “அப்பா, உமக்கு எல்லாம் தெரியும்னு சொன்னேன்.” புண் என்ற சொல் அவருடைய ஜெபத்தில்கூட வரவில்லை.

இதை விசுவாசம் என்று நினைக்கிறோம். வேதத்தில் நான் பார்ப்பது வேறு. நாம் வேண்டிக்கொள்ளும் முன்னமே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று இயேசுவே சொல்கிறார், மத்தேயு 6:8. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஆன்ட்டி சொன்னது சரி. ஆனால் அடுத்த வசனத்திலேயே பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அதில் அன்றன்றுள்ள அப்பம், கடன், சோதனை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வைக்கிறார். எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரியும். அவனைக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறார். பார்வை வேண்டும் என்பதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

சபையும் இந்தக் கேள்வியைத் தொடக்க காலத்திலிருந்தே எதிர்கொண்டிருக்கிறது. 412 வாக்கில் வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீன், புரோபா என்ற ரோமாபுரி விதவைக்கு எழுதிய கடிதத்தில் பதில் தருகிறார்: கடவுளுக்குத் தகவல் சொல்ல அல்ல, அவர் தரவிருப்பதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரிய வேண்டும் என்பதற்கே கேட்கிறோம். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: நமக்கு அவர் தேவை என்பது நமக்கே உறைக்க வேண்டும். புனிதர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நம்மூர் ஆட்கள் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினைப் புரட்டிப் பார்க்கலாம். அவரும் ஜெபம் கடவுளுக்காக என்பதைவிட நமக்காகவே என்கிறார்.

அப்படியானால் ஜெபம் வெறும் மனப்பயிற்சியா? அதை நான் ஏற்கமாட்டேன். கேட்காததால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று யாக்கோபு (4:2) பட்டென்று சொல்கிறார். கேட்பதன் வழியாகவே சிலவற்றைத் தர ஆண்டவர் தீர்மானித்திருக்கிறார் என்பது அக்குவினாஸின் விளக்கம். எசேக்கியா ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைக்கமாட்டாய் என்று ஏசாயா சொல்லிவிட்டார். ராஜா சுவர்ப்புறம் திரும்பி அழுது வேண்டினார். ஆயுளில் 15 வருஷம் கூட்டப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை: அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவர் பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள். 2 இராஜாக்கள் 20-ஐ வாசித்துப் பாருங்கள். வேண்டியதும் கேட்கப்பட்டது, மருந்தும் போடப்பட்டது. ‘முள்’ என்று தாமே சொன்ன உடல் துன்பம் மூன்று தரம் வேண்டியும் எடுபடாத பவுலும் அதே வேதத்தில்தான் இருக்கிறார்; ஜெபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

இனி, மருத்துவனாக எனக்கு அதிகப் பயம் தரும் விஷயம்: உபவாச ஜெபம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்பு நீர். நம் சபை நாற்காலிகளிலும் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நோன்பு மாதத்துக்கு முன்பே மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள மலாய்க்காரர்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். நம்மவர்கள் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் உபவாசத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் காலையில் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார்கள். சிலர் மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து.

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பாட்டை விட்டால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் தெரிந்தால் அபிஷேகம், ஆவி இறங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடனே விரலைக் குத்திப் பாருங்கள். சர்க்கரை 3.9 mmol/L-க்குக் கீழே இருந்தால் உபவாசத்தை அங்கேயே முறித்து, இனிப்புத் தண்ணீரோ குளுக்கோஸோ குடிக்க வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் குடிக்கக் கொடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

தேதி தெரிந்தவுடன் மருந்துப் பையோடு வாருங்கள். எதைக் குறைப்பது, எந்த நேரத்துக்கு மாற்றுவது, யார் உபவாசமே இருக்கக்கூடாது என்று பார்த்துச் சொல்லலாம். பாஸ்டர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உபவாச அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போடும்போதே, “இனிப்பு நீர் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கவும்” என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.