தகடு எடுக்க வருகிறவரின் கையைப் பாருங்கள்

போன மாதம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கைலேஞ்சியில் முடிந்து ஒரு சின்னச் செப்புத் தகடு கொண்டுவந்திருந்தார். மகளுக்கு 16 வயது, இரண்டு வருடமாக வலிப்பு. செய்வினை என்று யாரோ சொல்ல, ஒருவர் வீட்டுக்கு வந்து வளவைத் தோண்டி அந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கழிப்புச் சடங்குக்கும் காவல் கட்டுக்குமாக மூன்று பவுண் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. வலிப்பு நிற்கவில்லை.

"ஐயா, நீங்கள் மெஜிக்காரர் எல்லாருக்கும் தலைவராம். இதை ஏவினவருக்கே திருப்பி அனுப்பிவிடுவீங்களா?" என்று கேட்டார்.

மருமகன் போனில் பிடித்திருந்த வீடியோவைக் காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது. குழிக்குள் வலது கை போகிற விதம், அந்த நேரம் பார்த்து இடது கை வேப்பிலையை உயர்த்துகிற விதம், எல்லாம் எங்கள் மெஜிக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் நான் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துச் சொல்லிக்கொடுத்தவை. அந்த ஆள் நான்கு வருடம் எங்களோடு இருந்தவர். எனக்குத் தெரிந்து இது அவர் ஏமாற்றிய மூன்றாவது குடும்பம்.

திருகோணமலையில் பள்ளிக்கூட விழா, பிறந்தநாள் என்று இருபத்தைந்து வருடமாக மெஜிக் செய்கிறேன். பதவி எதுவும் கேட்டதில்லை, கொடுத்தபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டாவது குடும்பத்தின் கதை காதில் விழுந்த பிறகு இந்த வருடம் தலைவராக இருக்கச் சம்மதித்தேன். வந்த முதல் கூட்டத்திலேயே அவர் பெயரை நீக்கி, மூன்று குடும்பங்கள் வந்தாலும் முப்பது வந்தாலும் உண்மையைச் சொல்வோம் என்று தீர்மானம் போட நினைத்தேன். பாதிப் பேர் எதிர்த்தார்கள். "அண்ணா, ரகசியம் காப்பதாகச் சத்தியம் பண்ணினோமே, அந்தத் தகடு எப்படி வந்தது என்று வெளியே சொன்னால் தொழில் துரோகம் இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பொறுமையாகவே சொல்கிறேன். மேடைக்கு முன்னால் உட்காருகிறவர் ரிக்கெற் வாங்கும்போதே, என்னை ஏமாற்று என்று அனுமதி தந்துவிட்டார். அவருக்கும் எனக்கும் இடையில் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைக் காக்கத்தான் சத்தியம். வளவில் நின்று நெஞ்சு பதறிய அந்த அம்மா யாருக்கும் அப்படி அனுமதி கொடுக்கவில்லை. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் எதைக் காப்பது? பூட்டுச் செய்கிறவன் சத்தியத்தின் பெயரில் திருடனுக்குக் காவல் நிற்பானா? முயல் தொப்பிக்குள் எப்படி வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை, சாகும்வரை சொல்ல மாட்டேன். தகடு குழிக்குள் எப்படி வந்தது என்று கேட்கிற எல்லாருக்கும் சொல்வேன். அவர் கையோடு கொண்டுவந்தார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமும் இல்லை. உலகப் புகழ்பெற்ற மெஜிக்காரர் ஹாரி ஹூடினி 1917 முதல் 1926இல் இறக்கும்வரை அமெரிக்க மாயாஜாலக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1902இல் நியூயோர்க்கில் ஒரு மெஜிக் கடையின் பின்னறையில் தொடங்கிய சங்கம் அது. போகிற ஊரில் எல்லாம் இருந்த சின்னச் சின்னக் கழகங்களை அதோடு சேர்த்துவிட்டவர் அவர். அதே மனிதர்தான் செத்தவர்களோடு பேச வைக்கிறோம் என்று காசு பிடுங்கியவர்களின் இருட்டறைக்குள் வேடம் மாற்றிப் போய் அவர்களைப் பிடித்துக் கொடுத்தார். 1926இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சியும் சொன்னார். தலைவர் பதவியில் இருந்துகொண்டே செய்தார். நம் நாட்டில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய் வைத்துச் சவால் விட்டார், அமானுஷ்ய சக்தியை ஏமாற்றில்லாமல் காட்டுங்கள் என்று. 1978இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை வென்றவர் கிடையாது. தேசிக்காயை வெட்டினால் இரத்தம் வடிகிறதென்று பயப்படுகிறவர்கள் ஏ.எல். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள், கத்தியில் பூசிய மெதில் ஒரேஞ்ச் என்ற சாயம் புளி பட்டால் எப்படிச் சிவக்கும் என்று.

மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ, எங்காவது ஒரு கழகத்துக்குத் தலைவராகப் போகிறீர்களா? மாலைக்கும் முன்வரிசைக் கதிரைக்கும் ஆசைப்பட்டு என்றால் தயவுசெய்து வேண்டாம். சேர வருகிறவரிடம் எதற்காகக் கற்கிறாய் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் கைவேலை எதையும் உடனே சொல்லிக்கொடுக்க வேண்டாம். தெய்வ சக்தி, மந்திர சக்தி என்று சொல்லி வித்தை காட்ட மாட்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். மீறினவரை ரகசியமாக நீக்காதீர்கள். ஊருக்குத் தெரிய நீக்குங்கள். ரகசியமாக நீக்கினால் அவர் அடுத்த ஊரில் உங்கள் கழகத்தின் பெயரைச் சொல்லியே தகடு எடுப்பார். பாதிக்கப்பட்டவர் பொலிசுக்குப் போகக் கூச்சப்படுவார், கூடப் போங்கள். இந்த வேலைக்கு நேரம் இல்லாதவர் செயலாளராகக்கூட வரக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இனி வீட்டுக்காரருக்கு. வலிப்பு ஒரு மூளை சம்பந்தப்பட்ட நோய், மருந்து இருக்கிற நோய். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 வீதம் பேர்வரை வலிப்பு வராமலே வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் வைத்தியர் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மாத்திரைகூட வாங்காமல் இரண்டு வருடம் போயிருக்கிறது என்று கேட்டபோது அழுகை வந்தது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். மனக் கஷ்டம் என்றால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள், அம்மா.

அந்தப் பிள்ளையை நாங்களே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். மருந்து தொடங்கிவிட்டார்கள். சங்கிலி இன்னும் அடகில்தான், வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

யாராவது உங்கள் வளவில் தகடு எடுக்க வருவதாக நாள் குறித்திருந்தால், முதலில் ஒன்று செய்யுங்கள். மண்வெட்டியை நீங்கள் பிடியுங்கள், கிளறுவதும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கட்டும், வந்தவர் பத்தடி தள்ளி நிற்கட்டும். சம்மதிக்க மாட்டார், அப்படியே போய்விடுவார். துணிவு வராவிட்டால் எங்கள் கழகத்துக்கு ஒரு சொல் அனுப்புங்கள். நாங்கள் காசு வாங்க மாட்டோம். யாராவது ஒருவர் வந்து, சத்தம் போடாமல், வேப்பிலை இல்லாத மற்றக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.