தங்கத்துக்குச் சாம்பல் பூசியவர்கள்

பித்தளைக் குடம் ஒன்றை வெயிலில் கவிழ்த்துவிட்டுச் சுற்றி நடந்து பாருங்கள். கூடவே ஒரு ஒளிப்புள்ளியும் நகர்ந்து வந்து கண்ணைக் கூசவைக்கும். வளைந்த பரப்பில் எல்லாச் சாய்வுகளும் இருப்பதால், ஏதோ ஒரு இடம் சூரியனை நம் பக்கம் திருப்பிவிடுகிறது. தங்கம் போர்த்திய கலசக்கூரையும் அப்படித்தான்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையிட்டபோது, அங்கிருந்த தங்கக் கூரைகளின், கோபுரங்களின் அந்த மின்னல்தான் நகரத்துக்கு எமனாக இருந்தது. விமானிக்கு அது வழிகாட்டி. பீரங்கிக்காரனுக்கோ அதைவிடப் பெரிய உதவி. தெரிந்த இரண்டு மூன்று கோபுரங்களைத் தொலைநோக்கியில் பார்த்துக் கோணம் எடுத்தால், தான் நிற்கும் இடத்தை வரைபடத்தில் துல்லியமாகக் குறித்துவிடலாம். பிறகு இலக்கு கண்ணில் படவேண்டிய அவசியமே இல்லை; வரைபடத்தைப் பார்த்தே சுடலாம். ஆகவே கோபுரங்களை மறைப்பது அவற்றை மட்டுமல்ல, அவற்றின் கீழே வாழ்ந்த மனிதர்களையும் காக்கும் வேலை.

புனித ஐசக் பேராலயத்தின் பெரிய கூரைக்குச் சாம்பல் நிற எண்ணெய்ப் பெயின்ட் அடித்தார்கள். நகரத்தின் மங்கலான வானத்தோடு அது கலந்துபோனது. ஆனால் பழைய கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி கட்டடத்தின் 72 மீட்டர் ஊசிக்கோபுரத்தில் அதே பெயின்டை அடிக்கவே முடியாது. காரணம் முலாம் போட்ட விதம். ஐசக் கூரையில், தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துச் செப்புத் தகட்டில் பூசிச் சூடேற்றியிருந்தார்கள். பாதரசம் ஆவியாக, தங்கம் செம்போடு ஒன்றிவிட்டது. (அந்த ஆவி பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது.) அதன்மேல் அடித்த பெயின்டைப் பின்னால் கழுவி எடுக்கலாம். ஊசிக்கோபுரத்திலோ இருந்தது வெறும் தங்கரேக்கு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, பசையில் ஒட்டியது. பெயின்டைச் சுரண்டினால் தங்கமும் கூடவே வந்துவிடும்.

மிஞ்சிய வழி, உறை போடுவது. குண்டுவீச்சுக்கு நடுவே சாரம் கட்ட முடியுமா? மலையேறத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். நான்கு இளைஞர்கள் கிடைத்தார்கள். அவர்களில் ஓல்கா ஃபிர்சோவா இசை படித்தவர்; மிகைல் போப்ரோவுக்கு வயது 18. சிறு பலூன் ஒன்றில் ஏறிப்போன ஒருவர் உச்சியில் கப்பியை மாட்ட, அதில் ஓடிய கயிற்றைப் பிடித்து அவர்கள் மேலே போனார்கள். ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கித்தான் உறை. காற்று புகுந்தால் கப்பல் பாய்போலப் புடைக்கும். அந்தரத்தில் தொங்கியபடி, விறைத்த விரல்களால் அதன் ஓரங்களைக் கோபுரத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். ரொட்டிக்கே அளவு வைத்திருந்த நாட்கள் அவை. அந்த நால்வரில் இருவர் முற்றுகையைத் தாண்டவில்லை.

1971 போரில் தாஜ்மகாலைத் துணியால் மூடியதும் இதே கணக்கில்தான்: வெள்ளைப் பளிங்கு நிலவொளியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

லெனின்கிராடில் கித்தான் கீழே இறங்கியது 1945 வசந்தத்தில். உறையை அறுக்க மேலே ஏறியவர் ஓல்கா.