சிப்பைத் தூங்கவிடாத அப்டேட்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி நிறையப் பேர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். ஏற்காட்டில் ஆசிரியராக இருக்கும் வாசகி ஒருவரும் மாறியிருக்கிறார். "மழை பிடித்தால் இங்கே கரண்ட் போய்விடும். ஐந்து மணி நேரம் தாங்கிக்கொண்டிருந்த லேப்டாப், அப்டேட் போட்டதிலிருந்து மூன்று மணி நேரம்கூட நிற்பதில்லை. சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது, புதுசு போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். லித்தியம் அயனி பேட்டரி மாதக்கணக்கில், வருடக்கணக்கில்தான் மூப்படையும். நேற்று ஐந்து மணி நேரம் ஓடியது இன்று மூன்று மணி நேரமாகிவிட்டது என்றால், பேட்டரியின் கொள்ளளவைவிட லேப்டாப்பின் செலவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 50 வாட்-மணி பேட்டரியில் லேப்டாப் சராசரியாக 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும். 17 வாட் இழுத்தால் 3 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அந்த 7 வாட் எங்கே போகிறது?

திரையின் வெளிச்சம், வைஃபை, ஃபேன் என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தின்கின்றன. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்குப் பிடித்த விஷயம், லேப்டாப்பின் மூளையான பிராசஸர் சிப்புக்குள் நடப்பது.

நீங்கள் வேகமாகத் தட்டச்சு செய்பவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஐந்தில் ஒரு நொடி போகிறது. நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் சிப்புக்கு அது 60 கோடி துடிப்புக்கான நேரம். ஒரு எழுத்தைத் திரையில் காட்ட அதில் மிகச் சிறிய பங்கு போதும். மீதி நேரம் முழுக்கச் சிப்புக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில் அது தூங்குகிறது. நாம் மூடியை மூடும்போது வரும் தூக்கம் அல்ல இது. திரை எரிந்துகொண்டிருக்க, நாம் படித்துக்கொண்டிருக்க, நொடிக்குப் பல முறை வந்து போகும் தூக்கம்.

இதில் பல ஆழங்கள் உண்டு. மேலோட்டமான நிலையில் துடிப்பை மட்டும் நிறுத்துவார்கள். ஆனால் டிரான்சிஸ்டர்கள் சும்மா இருந்தாலும், மின்னழுத்தம் இருக்கிற வரை மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். அதனால் ஆழமான நிலைக்குப் போகும்போது, பிராசஸர் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தில் இருப்பதை ரேமுக்குத் தள்ளிவிட்டு, தான் எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்பை ஒரு சிறிய தனி நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, தன் கோர்களுக்கான (கணக்குப் போடும் பகுதிகளுக்கான) மின்னழுத்தத்தையே கிட்டத்தட்ட பூஜ்யமாக்கிவிடும். எழுப்பினால் அந்தக் குறிப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நமக்கு எதுவுமே தெரியாது.

தூங்கப் போகவும் எழுந்து வரவும் ஆற்றல் செலவாகிறது என்பதுதான் சிக்கல். ஒரு நிலைக்குள் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் இருந்தால்தான் லாபம் என்று கணக்கு இருக்கிறது. ஸ்கைலேக் தலைமுறை இன்டெல் சிப்புகளின் மிக ஆழமான நிலைக்கு லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் கணக்கு 5 மில்லிநொடி, அதாவது நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்கு முன்பே யாராவது எழுப்பிவிட்டால் நஷ்டம். ஆகவே ஒவ்வொரு முறை தூங்கும் முன்பும், அடுத்து எப்போது எழுப்பப்படுவோம் என்று இயங்குதளம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வரிசையில் இருக்கும் அடுத்த அலாரம் எப்போது என்று பார்க்கிறது. சமீபத்திய தூக்கங்கள் எவ்வளவு நீடித்தன என்றும் பார்க்கிறது. இரண்டையும் வைத்து ஆழத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு ஜோசியம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நம் மடியில் நடக்கிறது. தவறினால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும். கைரேகை ஜோசியத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஒரு காலத்தில் இயங்குதளமே இந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வேலை இருக்கிறதோ இல்லையோ, நொடிக்கு 100 முறை, 250 முறை, 1000 முறை என்று மணியடித்துப் பிராசஸரை எழுப்பும் பழக்கம் லினக்ஸில் இருந்தது. மில்லிநொடிக்கு ஒரு முறை எழுப்பினால் 5 மில்லிநொடித் தூக்கம் எங்கிருந்து வரும்? 2007-இல் வந்த 2.6.21 பதிப்பில், வேலை இல்லாதபோது அந்த மணியை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு பவர்டாப் என்ற சிறு கருவியை இன்டெல் வெளியிட்டது. எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை சிப்பை எழுப்புகிறது என்று அது பெயர் சொல்லிக் காட்டியது. பார்த்தால், நாம் பயன்படுத்தாமல் திறந்து வைத்திருந்த நிரல்கள்கூட ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் மூல நிரல் யாரும் படித்து மாற்றும்படி திறந்திருந்ததால் பலர் உட்கார்ந்து அவற்றைத் திருத்தினார்கள்.

அப்புறம் வந்தது இன்னும் அழகான யோசனை. ஏற்காட்டுக்கு மேலே உள்ள ஒரு ஊருக்கு ஜீப் ஓட்டுகிறவர், ஒரே ஆளுக்காக வண்டியை எடுக்க மாட்டார். அவசரமில்லாதவர்களைக் கொஞ்சம் காக்கவைத்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரே நடையாகப் போய்வருவார். அலாரங்களையும் அப்படிச் செய்தார்கள். மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது சில மில்லிநொடி தள்ளிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. தள்ளிப்போட முடிந்த வேலைகளையெல்லாம் சேர்த்து ஒரே விழிப்பில் முடித்துவிட்டால், நடுவே நீண்ட தூக்கம் கிடைக்கும். விண்டோஸ் 7-இல் 2009-லும், மேக்கின் மாவெரிக்ஸ் பதிப்பில் 2013-லும் இந்த வசதி வந்தது.

தமிழ்நாடு அரசு 2011-லிருந்து மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு துளியை, எந்த நிரல் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளக்கும் ஆய்வுக்கு நம் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாட் மீட்டரும் ஆர்வமுள்ள இரண்டு மாணவர்களும் இருந்தால் வேலை தொடங்கிவிடும்.

சரி, அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? புதிய இயங்குதளம் வந்தவுடன் தேடல் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும், படங்களை ஆராயும், மீதி அப்டேட்டுகளை இறக்கும். அதுவரை சிப்புக்கு ஆழ்ந்த தூக்கம் கிடையாது. நல்ல இணைப்பு உள்ள சேலம் வீட்டில் ஓர் இரவில் முடிகிற பதிவிறக்கம், சிக்னல் திணறும் மலையில் நாள்கணக்கில் இழுக்கும். கரண்ட் இருக்கும் ஓர் இரவில், சார்ஜரில் போட்டு, தூங்கப் போகாதபடி அமைத்துவிட்டு விடுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஒரு வாரம் கழித்தும் சரியாகவில்லையென்றால் டிரைவரை, அதாவது லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு நிரலைப் பாருங்கள். அப்டேட்டின்போது தயாரிப்பாளரின் டிரைவர் போய்ப் பொதுவான டிரைவர் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஒரே ஒரு கார்டு ரீடரோ யுஎஸ்பி கருவியோ தூங்க மறுத்தால், மொத்தச் சிப்பும் ஆழத்துக்குப் போக முடியாது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிப்செட், கிராஃபிக்ஸ் டிரைவர்களை எடுத்துப் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் தானாகத் தொடங்கும் செயலிகளைக் குறையுங்கள். திரை நொடிக்கு 120 முறை (120 ஹெர்ட்ஸ்) புதுப்பிக்கும் அமைப்புக்கு மாறியிருந்தால் 60-க்குக் கொண்டுவாருங்கள்.

பேட்டரியே காரணமா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுக்கும் கட்டளை இருக்கிறது. அதில் ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது முதலாவதில் எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் கடைக்காரரிடம் மறுத்துச் சொல்லலாம். பாதிக்கு வந்துவிட்டால் அவர் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.

முழுக்கக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற நம்பிக்கை நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்தது. லித்தியத்துக்கு அது கெடுதல். அதற்குப் பிடிக்காத இன்னொன்று, நூறு சதவீதச் சார்ஜில் சூட்டில் கிடப்பது. எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் எண்பதில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஏற்காட்டுக் குளிர் பேட்டரிக்கு நல்லதே. மலையிலிருந்து இறங்கி, சித்திரை வெயிலில் சேலத்தில் காரை நிறுத்தும்போது லேப்டாப்பை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ எந்த அமைப்பையும் மாற்றிக்கொண்டிருக்காமல் உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.