முசூரி காத்தை மூட்டை கட்டி டெல்லிக்குக் கொண்டு வந்தா என்ன ஆகும்?

மே மாசம் பொறந்ததும் மயூர் விஹார்ல அக்கா வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே பேச்சுதான், லீவுக்கு எந்த மலைக்குப் போறது. அத்தானுக்கு எல்டிசி (லீவுல ஊர் சுத்த ஆபீஸ் தர்ற பயணச் சலுகை) பாக்கி இருக்கு, இந்த வருஷம் விட்டா போச்சு. அக்காவுக்கு ரிஷிகேஷ், பெரியவளுக்கு லடாக்ல இருக்கற லே, அத்தானுக்கு எங்க ஃபேன் இல்லாம தூங்க முடியுமோ அங்க. நடுவுல ஆறாவது படிக்கிற சின்னவன் என்கிட்ட வந்து, "மாமா, மலை மேல போனா சூரியனுக்கு இன்னும் கிட்டதானே போறோம், அப்புறம் ஏன் அங்க குளிருது?"ன்னு கேட்டான்.

இதுக்குப் பதில் சட்டுனு சொல்லிட்டேன். சூரியன் இருக்கறது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, நாம ஏறப் போறது ரெண்டு கிலோமீட்டர், அது ஒரு கணக்கே இல்ல. ஜூலை முதல் வாரத்துலதான் பூமி சூரியனை விட்டு ரொம்ப தூரமா இருக்கு, அப்பவும் டெல்லி வேகுது. வெயில் காத்தை நேரா பெருசா சூடாக்கறதில்ல, தரையைச் சூடாக்குது, தரை காத்தைச் சூடாக்குது, அடுப்பு கீழ இருக்கு. பையன் ஒரு நிமிஷம் யோசிச்சான். "சரி மாமா, சூடான காத்து மேலதானே போகும், அப்போ சூடெல்லாம் மலை மேலதானே போய்ச் சேரணும்?"

இந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதறேன். நிறைய பெரியவங்க முதல் கேள்வியோட நின்னுடுவாங்க, ஆனா விஷயம் முழுக்க ரெண்டாவதுலதான் இருக்கு.

சூடான காத்து மேல போறது உண்மை. போற வழியில அதுக்கு என்ன ஆகுதுங்கறதைத்தான் பாக்கணும். உயரம் போகப் போக மேல உக்காந்திருக்கற காத்தோட பாரம் குறையும், 2000 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 80 சதவீதம் பக்கம்தான். டெல்லியில வாங்கின சிப்ஸ் பாக்கெட் மலை மேல இருக்கற முசூரி போய்ச் சேர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பி நிக்கறதைப் பாத்திருப்பீங்க, உள்ள இருக்கற காத்து விரியப் பாக்குது, பாக்கெட் விட மாட்டேங்குது. வெளியில திறந்த வெளியில ஏறுற காத்துக்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது, அது விரியும். விரியணும்னா சுத்தி இருக்கற காத்தை நாலாபக்கமும் தள்ளணும். தள்ளறது ஒரு வேலை, அந்த வேலைக்கான கூலியை அது தன்கிட்ட இருக்கற சூட்டுல இருந்துதான் கொடுக்க முடியும், வெளியில யாரும் தர மாட்டாங்க, ஏன்னா காத்து வெப்பத்தைக் கடத்தறதுல படு மந்தம் (ஸ்வெட்டர் நமக்குக் கதகதப்பா இருக்கறதே அதனாலதான்), அவ்வளவு பெரிய காத்துத் திரள் ஏறி முடிக்கற நேரத்துக்குள்ள பக்கத்துல இருந்து வெப்பம் உள்ள வந்து சேராது. இதைத்தான் அடியாபாட்டிக் விரிவுன்னு சொல்றாங்க.

பையனுக்கு கூலிக் கணக்கு புரியல. அதனால கீழ பார்க்ல கிரிக்கெட் ஆடுற இடத்துக்கே கூட்டிட்டுப் போனேன். வேகமா வர்ற பந்தை பேட்டை முன்னாடி வீசி அடிச்சா பந்து வந்ததைவிட வேகமா பறக்கும். அதே பந்தை பேட்டைத் தளர்வா பிடிச்சு, படுற நேரத்துல கொஞ்சம் பின்னாடி இழுத்து வாங்கினா பந்து அங்கேயே காலடியில தொப்புனு விழும், நல்ல டிஃபென்ஸ் ஆடறவங்க அப்படித்தான் ஆடுவாங்க. காத்தோட மூலக்கூறுகளும் பந்துகள்தான், அறை வெப்பத்துல நொடிக்கு 500 மீட்டர் பக்கம் வேகத்துல பறக்குது, அந்த வேகம்தான் நமக்குச் சூடுன்னு தெரியுது, வேற தனியா சூடுன்னு ஒண்ணு அங்க இல்ல. காத்து விரியும்போது அதோட எல்லை பின்னாடி நகருது, பின்னாடி இழுத்த பேட் மாதிரி. அதுல மோதித் திரும்புற ஒவ்வொரு மூலக்கூறும் துளி வேகத்தை அங்க விட்டுட்டு வருது. ஒரு மோதல்ல ஒண்ணும் தெரியாது, கோடானுகோடி மோதல் நடக்கும்போது மொத்தமா எல்லாமே மெதுவாயிடுது, அதாவது குளிர்ந்துடுது. யாரும் ஐஸ் வைக்கல, சூட்டை யாரும் உறிஞ்சி எடுக்கல, விரிஞ்சதுனாலயே குளிர்ந்துச்சு. இதை எத்தனை தடவை நினைச்சுப் பாத்தாலும் எனக்கு அலுக்கறதில்ல.

இதுக்கு நேர் எதிரானது பேட்டை முன்னாடி வீசறது. சைக்கிள் பம்ப் வாயை விரலால அடைச்சுட்டு பத்து தடவை வேகமா அழுத்துங்க, அடிப்பக்கம் நல்லாவே சுடும். உராய்வும் கொஞ்சம் உண்டு, பெரும்பங்கு அமுக்கினதால வர்ற சூடு. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை 15, 20 மடங்கு அமுக்கினாலே அது 500 டிகிரி தாண்டிடும், டீசல் தானா பத்திக்கும்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். மே மாசம், முசூரியில 25 டிகிரி, அந்தக் காத்தை ஒரு பெரிய லேசான பலூன்ல பிடிச்சு, வெளியில இருந்து துளி வெப்பம் சேராம டெல்லிக்கு இறக்கறோம்னு வைங்க. முசூரி சுமார் 2000 மீட்டர், டெல்லி 215. இறங்க இறங்க வெளி அழுத்தம் பலூனை நசுக்கும், உள்ள இருக்கற காத்து கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் சூடாகும், தரைக்கு வர்றப்போ 42 டிகிரி! அதாவது முசூரி காத்தும் டெல்லி காத்தும் கிட்டத்தட்ட ஒரே காத்துதான், அது மேல விரிஞ்சு இருக்கு, இது கீழ நசுங்கி இருக்கு. பலூனுக்குப் பதிலா இரும்பு சிலிண்டர்ல அடைச்சா 25 டிகிரியாவே வரும், ஏன்னா அதை வெளி அழுத்தம் நசுக்க முடியாது. இதைச் சொன்னதும் பையன் வாயைப் பொளந்துட்டான், நான் காலேஜ்ல முதல் தடவை கேட்டப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஒரு விஷயம் இங்க சொல்லியே ஆகணும். உதட்டைக் குவிச்சு கையில ஊதினா குளிரும், அதுவும் இதே விரிவுதான்னு பல பேர் சொல்லிக் கொடுக்கறாங்க, அது தப்பு. வாய்க்குள்ள அவ்வளவு அழுத்தம் வர்றதே இல்ல, அறையில இருக்கற காத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போறதாலயும் கை ஈரம் ஆவியாகறதாலயும்தான் அந்தக் குளிர்ச்சி. வீட்டுல காட்டணும்னா நல்லா சில்லுனு இருக்கற சோடா பாட்டிலை வெளிச்சத்துல வெச்சுத் திறந்து பாருங்க. டஸ்ஸுனு சத்தம் வர்ற அதே நொடியில கழுத்துக்குள்ள மெல்லிசா ஒரு வெள்ளைப் புகை எழும்பும், ரெண்டு நொடி அங்கேயே தங்கி கலைஞ்சுடும். அடைபட்டிருந்த வாயு சட்டுனு விரிஞ்சு குளிர்ந்து, அதுல இருந்த நீராவி துளியாகி நிக்குது. மலையில ஏறுற காத்து மேகமாகறது இதேதான், பாட்டில்தான் பெருசு.

அந்த மேகம் வந்ததும் கணக்கு மாறிடும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியில இருந்து துளியாகும்போது ரெண்டு கிலோவாட் கீஸர் 20 நிமிஷம் ஓடுற அளவு வெப்பத்தை வெளிய விடுது. அதனால ஈரக் காத்து ஏறும்போது கிலோமீட்டருக்கு 9.8 இல்ல, 5 டிகிரி பக்கம்தான் குளிரும். நாம ஸ்கூல்ல படிச்ச, ஆயிரம் மீட்டருக்கு 6.5ங்கறது இது ரெண்டுக்கும் நடுவுல வர்ற, உலகம் முழுக்கச் சேர்த்துப் பாத்த சராசரி. மழைக்கு முந்தின மே மாசம் வட இந்தியாவுல காத்து காய்ஞ்சு கிடக்கு, லூங்கற அனல் காத்து அடிக்குது, மதியத்துல கீழயும் மேலயும் நல்லா கலக்குது, அதனால 6.5 போட்டா சரியா வராது, நான் 8 போட்டுத்தான் பாப்பேன். ஜூலையில மழைக்காலம் வந்துட்டா 6.5க்குத் திரும்பிடலாம்.

இதை வெச்சே ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், பேரைப் பாக்காதீங்க, மீட்டரைப் பாருங்க. டெல்லியில 42 டிகிரின்னா 640 மீட்டர்ல இருக்கற டேராடூன்ல 38, 39, அது மலையடிவாரம், அவ்வளவுதான். குல்லு 1280 மீட்டர், 33 பக்கம் வரும், ஃபேன் வேணும். முசூரி, நைனிடால், மணாலி மூணும் 2000 ஒட்டி, ஷிம்லா 2200, இங்கெல்லாம் 26ல இருந்து 28. ஊட்டி 2240 மீட்டர்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒப்பிட சுலபம். அக்கா ஆசைப்பட்ட ரிஷிகேஷ் 350 மீட்டர் பக்கம், டெல்லியைவிட ஒரு டிகிரி குறைஞ்சா அதிகம், கங்கைக்காகப் போலாம், குளிருக்காகப் போக முடியாது. மூணு வருஷம் முன்னாடி நானே இதுல மாட்டினேன், விளம்பரத்துல மலை, பைன் மரம் எல்லாம் காட்டினாங்கன்னு ஜூன்ல ஒரு ஆத்தோர காட்டேஜ்ல ரூம் போட்டேன், போய்ப் பாத்தா இடம் 500 மீட்டர் கூட இல்ல, மூணு பக்கமும் மலை நிக்குது, நாங்க நடுப் பள்ளத்துல, ராத்திரி கரெண்ட் போனப்போ அம்மா ஈரத் துண்டை நெத்தியில போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க. அன்னியில இருந்து ரூம் போடறதுக்கு முன்னாடி மேப்ல உயரம் பாக்காம விடறதில்ல.

லே விஷயத்துல மட்டும் இந்தக் கணக்கு சறுக்கும். 3500 மீட்டர்னு பாத்தா 15 டிகிரி பக்கம்தான் இருக்கணும், ஆனா ஜூலை மதியத்துல 25 வரை போகும். ஏன்னா அங்க அடுப்பே மேல தூக்கி வெச்ச மாதிரி, லடாக், திபெத் முழுக்க உயரமான பரந்த நிலம், அந்த நிலம் வெயில்ல காய்ஞ்சு அந்த உயரத்துக் காத்தை அங்கேயே சூடாக்குது. முசூரி மாதிரி ஒத்தை வரிசை மலைமுகட்டுல அப்படி சூடாக்கற அளவுக்கு நிலப்பரப்பு கிடையாது.

ஜூன் கடைசிக்கு அப்புறம் போறவங்களுக்கு இன்னொண்ணு. மழைக்காத்து ஹிமாச்சல்ல இருக்கற தௌலாதார் மலைச்சுவர்ல முட்டி ஒரேடியா ஏறி, விரிஞ்சு, குளிர்ந்து, இருக்கற தண்ணியெல்லாம் தரம்சாலா பக்கத்துல கொட்டிடும். இமயத்தைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கற காத்து காய்ஞ்சு போய், இறங்க இறங்க சூடாகி இன்னும் காயும், நாம பாடத்துல படிச்ச மழை மறைவுப் பகுதி அதுதான். அதனால ஜூலை, ஆகஸ்ட்ல ஹிமாச்சல், உத்தராகண்ட் கீழ்ப்பகுதியில நிலச்சரிவு பயம், ஸ்பிதி, லடாக் பக்கம் பொதுவா வெயில். பொதுவாதான், 2010 ஆகஸ்ட்ல லேயில மேகவெடிப்பு வந்து நிறைய உயிர் போச்சு.

பெரியவ லேக்குப் போயே ஆகணும்னு நின்னப்போ பக்கத்து வீட்டுல, கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு மோந்துக்கிட்டே போங்க, மூச்சு வாங்காதுன்னு சொன்னாங்க. இதைக் கேக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. 3500 மீட்டர்ல அழுத்தம் 65 சதவீதம்தான், ஒவ்வொரு மூச்சுலயும் ஆக்சிஜன் அவ்வளவு குறைவு, கற்பூரம் மூக்குல சில்லுனு ஒரு உணர்ச்சி தரும், ரத்தத்துல ஆக்சிஜனைத் துளிகூட ஏத்தாது. குழந்தை வாயில போட்டுக்கிட்டா விஷம், வலிப்பு வரும். அதை நம்பி தலைவலியோட மேல மேல ஏறறவங்கதான் ஆபத்துல மாட்டறாங்க. விமானத்துல போய் இறங்கினா ரெண்டு நாள் எங்கயும் சுத்தாம படுத்துக்கிடக்கணும், தலைவலி, வாந்தி ஜாஸ்தியானா கீழ இறங்கணும், உடம்பு சரியில்லாதவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாக்கணும், அதுதான் வழி.

அதே மாதிரி மலை வானிலைக்கு நாம செலவு பண்றது போதாதுன்னும் நினைக்கிறேன். 1905ல இருந்து 1928 வரைக்கும் இந்திய வானிலைத் துறையோட தலைமையகமே ஷிம்லாவுலதான் இருந்துச்சு, கில்பர்ட் வாக்கர் அங்க இருந்துதான் துறையை நடத்தினார், மழையை முன்கூட்டி கணிக்கப் போய் பசிபிக் கடல் முழுக்க அழுத்தம் ஊஞ்சலாடறதைக் கண்டுபிடிச்சார். ஷிம்லா பக்கத்து குஃப்ரியிலயும் உத்தராகண்ட் மலை ஊர் முக்தேஷ்வர்லயும், மழை மேகம் எங்க நகருதுன்னு பாக்கற டாப்ளர் ரேடார் வந்தது 2021ல. 2024ல வானிலைக் கணிப்பை மேம்படுத்த மிஷன் மௌசம்னு ஒரு திட்டத்துக்கு 2000 கோடி ஒதுக்கினாங்க, நல்ல விஷயம், அதுல பெரும்பங்கு மலைக்குப் போகணும்னு எனக்கு ஆசை, ஏன்னா அங்க ஒரு வளைவு தாண்டினா வேற வானிலை, ஒரு பள்ளத்தாக்குல அளந்ததை வெச்சு அடுத்த பள்ளத்தாக்கைச் சொல்லவே முடியாது.

கடைசியில முக்தேஷ்வர்னு முடிவாச்சு, 2285 மீட்டர், ஜூன் முதல் வாரம். காலையில ஆறு மணிக்கே எழுந்துடணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கு காத்து சரிவுல மேல வந்து மேகம் போட்டுடும், அதுக்கு முன்னாடி பாத்தாதான் நந்தாதேவி சிகரம் தெரியும், அதுவும் புகைமூட்டம் இல்லாம இருந்தா. அக்கா சின்ன குக்கரை எடுத்து வெச்சுட்டா, அந்த உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும், திறந்த பாத்திரத்துல பருப்பு வேக ரொம்ப நேரமாகும். சின்னவன் ரெண்டு சிப்ஸ் பாக்கெட் வாங்கி நடுவுல நூலால சுத்தளவு அளந்து நோட்டுல எழுதி வெச்சிருக்கான், மலையடிவார ரயில் ஸ்டேஷன் காத்கோதாம்ல ஒரு தடவை, மேல போய் ஒரு தடவை அளக்கணுமாம், அதுவரைக்கும் யாரும் பிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்.